அசையாத குட்டி

நாய்ப் பயிற்சியாளர் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா ஒன்றை வெடிக்கச் செய்தார். வேட்டைநாய்க் குட்டிகளில் ஐந்து மூலைக்கொன்றாகத் தெறித்து ஓடின. ஆறாவது மட்டும் தட்டிலிருந்து தலையெடுக்காமல் தின்றுகொண்டிருந்தது.

“அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! இதையே குடுத்துருங்க” என்றார் குட்டி வாங்க வந்த முதிய வேட்டைக்காரர்.

கதவருகே நின்ற பயிற்சியாளரின் மனைவிக்கு முகம் மலர்ந்தது. மூன்று மாதமாக ஒரு குட்டியும் விலைபோகவில்லை.

“அது வேணாங்க, வேற பாருங்க” என்று முனகியபடி பயிற்சியாளர் குனிந்து தட்டை எடுத்தார். உண்மை வெளியே போனால் மற்ற ஐந்தையும் யாரும் சீண்ட மாட்டார்கள்.

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க” என்றார் பெரியவர்.

பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. ‘சரின்னு சொல்லித் தொலைங்களேன்’ என்று மனைவி கண்ணாலேயே அதட்டினாள். அவர் சன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார்.

“மறுபடியும் பாருங்க, முகம் எங்கயோ போகுது!”

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, அது தைரியம் இல்ல. மொதல்ல நானும் ஏமாந்துட்டேன். பொறந்ததுலேருந்தே அதுக்குக் காது கேக்காது.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியவர் குட்டியை வாரி எடுத்தார். “அப்ப எனக்கு இதுதான் ஜோடி. நாப்பது வருஷத் துப்பாக்கிச் சத்தத்துல என் காதும் போயிடுச்சு. இப்பல்லாம் விசில் கிடையாது, கைஜாடையிலதான் நாயைப் பழக்கறேன்.”

“அப்ப நான் பேசினதெல்லாம்?”

“உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறேன். அதுக்குத்தான் முகத்தைக் காட்டச் சொன்னேன். நீங்க என்னடான்னா, எல்லாத்தையும் ஒப்புக்கிட்டீங்க!”