வலது ஓரம்

ஏரிக்கரையில் குடும்பத்தை அரைவட்டமாக நிறுத்திவிட்டு, முக்காலியில் கேமராவைத் திருப்பித் திருப்பி, இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாகப் படமெடுத்தான் அண்ணன். கணினியில் ஒட்டினால் ஒரே நீளப் படம்.

“ரெண்டு ஓரத்துலயும் நான்தான் நிப்பேன், பாரு!” இடது ஓரத்துத் தம்பி, தன் துண்டு முடிந்ததும் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஓடினான். கேமரா அசைந்துவிடுமென்று அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

போனவன் போனவன்தான். மறுபக்கம் வந்து சேரவே இல்லை. படத்தில் மட்டும் வலது ஓரத்தில் மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு நின்றான்.

வருடா வருடம் அண்ணன் அந்த வெறுங்கரையைப் படமெடுக்கிறான். படத்தின் வலது ஓரத்தில் மட்டும் தம்பி நிற்பான். அவனுக்கு நரைகூடத் தட்டிவிட்டது.

“இளைச்சிட்டானாடா?” என்பாள் அம்மா, ஒவ்வொரு படத்தையும் பார்த்து.

இந்த வருடப் படத்தில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “பாவம், எவ்வளவு நேரந்தான் நிப்பான்?”