இரண்டு கிலோ பிரியாவிடை

“ஒரு கிலோ கேக் எந்த மூலைக்கு? ரெண்டு கிலோவா சொல்லு. போறது யாரு, நம்ம மேனேஜராச்சே” என்றாள் டீம் லீடர்.

பக்கத்து நாற்காலிக்காரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முடியை வைத்து எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

பழுதான ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பற்றி வரும் போன்களுக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை. அதில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை மேனேஜர்தான். தண்ணீர் குடிக்க எழுந்தால், எல்லோர் காதிலும் விழும்படி மைக்கில் “எங்கே கிளம்பிட்டீங்க?” என்பார். காய்ச்சல் என்று லீவு கேட்டால், வீடியோ காலில் தெர்மாமீட்டரைக் காட்டச் சொல்வார். மனுஷனுக்கு அதில் என்ன சுகமோ.

“அக்கா, வேற கம்பெனியில உங்களுக்கு வேலை கிடைச்சுதே, என்ன பண்ணீங்க?”

“வரலைன்னு காலையிலேயே சொல்லிட்டேன். அந்த இடத்துக்கு வேற ஆளும் போட்டுட்டாங்களாம். இந்தாளே போறப்ப நான் எதுக்குப் போகணும்? இங்கேன்னா பாப்பா ஸ்கூல் பக்கம். இனிமே நிம்மதியா இருக்கலாம்டி.”

சாயங்காலம் மேனேஜரை நடுவில் நிறுத்திக் கேக் வெட்ட வைத்தார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது.

சுருட்டை பேச எழுந்தாள். “சார், நீங்க இல்லாத இந்த ஆபீஸை...” அதற்கு மேல் முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயை அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளைப் பார்த்த டீம் லீடருக்கும் அதே கதி. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மேனேஜர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். “ஒரு நிமிஷம்” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“பாவம்க்கா, அழறாரு போல.”

“சரி விடு. அவருக்குப் பெரிய துண்டா எடுத்து வை.” டீம் லீடருக்கு அவர்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

திரும்பி வந்தவரின் முகம் பளிச்சென்று இருந்தது.

“உங்க யாருக்குமே என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சுதான் வேலையை விட்டேன். இப்படித் தேம்பித் தேம்பி அழுவீங்கன்னு கனவுலகூட நினைக்கலை” என்றார் தழுதழுத்த குரலில். “முதலாளிகிட்ட இப்பதான் பேசிட்டு வர்றேன். நான் எங்கேயும் போகலை.”