வெந்நீர் வாளி

வெந்நீர் மக்கைச் சாய்த்ததும் அவன் கால் விருட்டென்று பின்னால் போனது.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

நாற்காலியில் இருந்த அவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினான்.

"சுட்டுதா?" என்றாள்.

"எது?"

தண்ணீரை விளாவ மறந்திருந்தாள். தினமும் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் அவன் காலில் ஊற்றுவாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தித்தான் அனுப்பியிருந்தார்கள். இன்று குக்கர் கூவியது. கவனம் அங்கே போய்விட்டது.

கட்டைவிரல் ஓரம் மட்டும் சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.

கால் அசையவில்லை.

ஊற்றிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை.

முன்பெல்லாம் அந்த முகத்தில் எதுவும் இருந்ததில்லை. ஆண்டுக்கணக்கில் அவள் சொன்ன எதுவும் அவனைப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. காய்ச்சல் என்றாலும் "ம்". பிறந்தநாள் என்றாலும் "ம்". ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள். கோயம்புத்தூருக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்றாள்.

அதற்கும் "ம்" என்றான். பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். தெருமுனை திரும்புவதற்குள் பைக்கோடு விழுந்தான்.

பெட்டி இன்னும் பீரோவின் மேல் இருக்கிறது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

தண்டுவடம் அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தால் உணர்ச்சி திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.

எழுந்து நடக்கும்வரை இருக்கிறேன் என்று அக்காவிடம் போனில் சொன்னாள். அவன் காதில் விழும்படியே சொன்னாள்.

விழுந்த பிறகுதான் அவன் பேச ஆரம்பித்தான்.

ரசம் நன்றாக இருக்கிறது என்பான். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டால், தலைவலியா என்பான். கொடியில் துணி காயப்போடும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் திரும்பினால் சிரிப்பான்.

அவள் அதையெல்லாம் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

இப்போது அதுவும் உறுத்தியது.

மறுநாள் காலை அவன் பாதத்தைவிட்டுப் போர்வை விலகிக் கிடந்தது. நன்றாக மூடிவிட்டுத்தான் படுத்திருந்தாள்.

கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வரும் ரெஜினாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

ரெஜினா சிரித்துவிட்டாள்.

"அது அண்ணன் இழுக்கலைக்கா. தண்டுவடம் இழுத்துச்சு. சூடு பட்டா நரம்பு அதுகிட்டதான் முதல்ல போய்ச் சொல்லும். அது மூளையைக் கேட்டுக்கிட்டு நிக்காது. உடனே இழுன்னுடும். மேனேஜருக்குத் தெரியாம கிளார்க்கே முடிச்சு விடுற மாதிரி."

போர்வையும் அப்படித்தானாம். காலில் துணி உரசினாலே தசை வெட்டி இழுக்குமாம்.

ஹாலுக்கு வந்து, சின்ன ரப்பர் சுத்தியலால் அவன் முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினாள். கால் துள்ளியது. அவன் தன் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு கூச்சமாக இருந்தது. நடக்க முடியாத மனிதனைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

ரெஜினா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது தோன்றியது. நேற்று முதலில் வெந்நீர் பட்டதா, முதலில் கால் நகர்ந்ததா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்தது.

படாமலே இழுக்குமா என்று கேட்டாள்.

"தோல்ல ஏதாவது படணும்க்கா. தண்டுவடத்துக்கு என்ன, கண்ணா இருக்கு?"

அடுத்த நாள் வாளியை அவன் முன்னால் வைத்தாள்.

ஆவி பறந்தது. அவள் விளாவவில்லை. முழங்கையை விட்டுப் பார்க்கவும் இல்லை.

அவன் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். அதன் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது.

மக்கை வாளிக்குள் விட்டாள். தண்ணீரைத் தொடாமல் வெளியே எடுத்தாள். நிறைந்த மக்கைத் தூக்குவதுபோல் மெதுவாகத் தூக்கி, பாதத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

சாய்த்தாள்.

கால் பின்னால் போனது.

மக்கிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

செய்தித்தாள் இறங்கவில்லை. பக்கமும் திரும்பவில்லை.

அவள் பீரோவின் மேலே பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு மக்கைக் கீழே வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். பின்னால் போன காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு துடைத்தாள்.

நனையாத காலை.

விரலிடுக்குகளையும் விடாமல் துடைத்தாள். கீழே இறக்கி வைத்தாள்.

இன்னொரு காலை எப்போதும் அவள்தான் குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, மடியில் வைத்துக்கொள்வாள்.

இன்று குனியவில்லை. துண்டை மடியில் விரித்தாள்.

"அந்தக் காலையும் குடுங்க" என்றாள்.

காத்திருந்தாள்.