கத்தி படாத தலை

போட்டோ ஸ்டுடியோவில் போன் அடிக்கும்போதெல்லாம் வாசு ஸ்டூலை விட்டு எழுந்துவிடுகிறான். எடுத்த படமெல்லாம் ஆடிப்போய்விட்டது.

கூட வந்திருந்த கிட்டார்க்காரன் ஜெயராஜ் போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். தெம்பாகா ஆட்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறானோ? கூப்பிட்டால் போய்விடுவானோ?

மலேசியாவில் ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பிய மலாய் ஹெவி மெட்டல் பேண்டு தெம்பாகா. வாசுதான் அதன் தொண்டை. இனிமேல் நீள முடிக்காரர்களை டிவியில் காட்டப்போவதில்லை என்று அரசாங்கம் சொன்னதும், மற்றவர்கள் சமர்த்தாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டார்கள். வாசு மட்டும் மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அந்த வீம்பு ஜெயராஜுக்குப் பிடித்துப்போனது. பார்த்த வேலையை உதறிவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, தமிழிலேயே ஒரு மெட்டல் கேசட் போடலாம் வா என்று கூப்பிட்டான். 'கத்தி படாத தலை' என்று பெயரும் வைத்தாயிற்று. அட்டையில் இடுப்புவரை முடி தொங்க வாசு நிற்க வேண்டும். அந்தப் படத்தை நம்பித்தான் கேசட் கம்பெனிக்காரன் தலையாட்டியிருக்கிறான்.

"அவனுங்கள மறந்துரு லா வாசு. கொஞ்சம் அசையாம உக்காரு."

உட்கார்ந்தான். கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தாய்மொழியில் ஒரு தடவையாவது தொண்டை கிழியக் கத்திவிட வேண்டும் என்பது அவனுக்கும் பல நாள் ஆசை. அது கைநழுவிப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மறுபடியும் போன். இந்த முறை அவனுக்குத்தான்.

செலாயாங் வீட்டிலிருந்து மனைவி தவமணி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"என்னங்க, பாப்பா பேசிட்டா. மினி பஸ்ஸப் பாத்து 'பஸ்'னு சொன்னா."

நாலு வயதாகியும் ஒரு சொல் வராத பிள்ளை. காலையில் அவள் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்ததால்தான் ஸ்டுடியோ நம்பரை வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

மகள் வாய் திறக்கும்வரை தலையில் கத்தி வைப்பதில்லை, திறந்த அன்றே மொட்டை என்று பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டவன். நிறைவேறும்வரை வெளியே சொல்லக் கூடாதென்று தெம்பாகாவிலும் மூச்சுவிடவில்லை, ஜெயராஜிடமும் விடவில்லை.

போட்டோக்காரர் லைட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிட வேலைதான்.

வாசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது இனி முருகனின் முடி; ஸ்டூல் பக்கம் போகவில்லை. பத்துமலைக்குப் போக வேண்டும், இப்போதே, நீயும் வா என்றான்.

ஜெயராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேசட்டுக்கு வேண்டிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துச் செருப்பை மாட்டினான்.

"போலாம் லா. போயிட்டு வந்து படம் எடுத்துக்கலாம்."