காப்புக் கட்டிய எட்டு நாள்

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் சிரித்தான்.

"இவளுக்கு மறதி ஜாஸ்திங்க சிஸ்டர். அடுப்புல பால வெச்சுட்டு அதையே மறந்துருவா."

"எத்தனை நாள் மாத்திரை மறந்தீங்க?" என்று சுகாதார நிலையச் செவிலியர் கேட்டது அவளைத்தான்.

மேசைமேல் கர்ப்பச் சோதனைக் குச்சி. இரண்டு கோடுகள்.

செவிலியரும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

மடியில் பதினோரு மாதக் குழந்தை. புடவைக்குள் இரண்டாவது முறையாக அறுத்துத் தைத்த வயிறு. இரண்டு வருடத்துக்கு இந்த வயிறு இன்னொன்றைத் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

கருத்தடை மாத்திரை தொடங்கி ஐந்து மாதம். தினமும் காலை ஏழு மணி. ரேஷன் வரிசையில் நின்றபடி போட்டிருக்கிறாள். தண்ணீர் இல்லாமல் பேருந்தில் எச்சிலைக் கூட்டி விழுங்கியிருக்கிறாள்.

ஒரு நாள் தவறவில்லை.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் வரை.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கணவன் மனைவி தனித்தனிப் பாய். அது ஊர் வழக்கம். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"காப்புக் கட்டுன ஊட்ல அந்த மாத்தர எதுக்கு அம்முணி? எம்பையன் மேல நம்பிக்கை இல்லியா, ஆத்தா மேல இல்லியா?"

மாமியார் மாத்திரை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இடையில் நிறுத்தக் கூடாது என்று சொல்லிப் பார்த்தாள். அவனிடமும் சொன்னாள். திருவிழா நேரத்தில் அம்மாவோடு சண்டை போடச் சொல்கிறாயா என்றான்.

எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் மஞ்சள் நீராட்டு. கயிறு அவிழ்ந்தது. அட்டை திரும்பி வந்தது. உடனே ஒன்றை விழுங்கினாள்.

அன்றே அவன் தன் பாயை இழுத்து வந்தான்.

"இன்னும் ஏழு நாள் பொறுக்கோணுங்க. மாத்தரையோட வந்த தாள்ல போட்டிருக்குது."

இல்லையென்றால் ஆணுறை வாங்கி வாருங்கள் என்றாள். மருந்துக் கடைக்காரர் பங்காளி முறை. அவரிடம் போய்க் கேட்டால் மானம் போய்விடுமாம்.

"சாமிக்கு எட்டு நாள் இருந்தாச்சு. உன்ற மாத்தரைக்கும் விரதமா?"

கையை விலக்கினாள். அவன் கை மறுபடி வந்தது.

மானம் அவனுடையது. வயிறு அவளுடையது.

"படிச்ச பொண்ணு நீங்க. தெனமும் ஒழுங்காப் போட்டிருந்தா இந்தக் கஷ்டம் வருமா?"

கடிந்துகொண்டே செவிலியர் பதிவேட்டில் எழுதினார்.

தலைகீழாக இருந்தாலும் அவளால் படிக்க முடிந்தது. மாத்திரை எடுக்க மறந்தவர்.

"அத அடிச்சுருங்க சிஸ்டர்."

பேனா நின்றது.

"நான் மறக்கலீங்க. எட்டு நாள் எதுனால போடலைன்னு அவரு சொல்லட்டும். ஒம்பதாம் நாள் என்னாச்சுன்னும் அவரே சொல்லட்டும்."

"ஏய்," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "வெளிய வா, பேசிக்கலாம்."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வெளியே போகவில்லை. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, அங்கே உட்கார்ந்தாள்.

மேசைக்கு எதிரே இப்போது அவன் மட்டும்தான்.

செவிலியர் அந்த வரியின் மேல் கோடு கிழித்தார். அவன் பெயரைக் கேட்டார்.