கடைசித் தாள்

கொச்சி மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கில் சோற்று வேளை. உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் வெயிலில் சுக்குத்தூசி மினுங்கிச் சுழல்கிறது. வெளியே காயலில் ஒரு படகு தொண்டையைச் செருமிக்கொண்டு போகிறது. சாக்கு மூட்டைமேல் அமர்ந்து அன்னப்பாக்கியம் உரக்க வாசிக்கிறாள். தேவாலயச் சபை விற்பனையில் பாதி விலைக்கு வாங்கிய நாவல். கடைசித் தாள் கிழிந்துபோனதால்தான் அந்தத் தள்ளுபடி. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். விக்டோரியா ராணி காலத்து லண்டனில், பனியில் நனைந்து வந்து நிற்கும் வேலைக்காரியிடம் எஜமானி கேட்கிறாள்: "ஜெபக்கூட்டமா, என் வீட்டு வேலையா? ஒன்றைச் சொல்." சுற்றியிருக்கும் பெண்களில் ஒருத்தியும் வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. "அவ என்ன சொன்னா, அக்கா?" என்கிறாள் மாடத்தி. அதற்குள் வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மேஸ்திரி வறீது வந்து நிற்கிறார். "மதி, வாசிச்சது போதும். எல்லாரும் எழுந்திரிங்க. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், கேட்டோ."

"இன்னும் மணி அடிக்கலையே, சேட்டா," என்கிறாள் அன்னப்பாக்கியம், தலை நிமிராமலே. தாளைப் புரட்டுகிறாள். அடுத்து வெறும் பின்னட்டைதான். அவள் விரல் அந்த வெற்று அட்டையில் வரி பிடித்து நகர்கிறது; குரல் முன்னைவிட ஓங்குகிறது. "'கை உங்களுக்கு உழைக்கும் அம்மா, முழங்கால் கர்த்தருக்குத்தான் மடங்கும்' என்று சொல்லிவிட்டு, அவள் எஜமானிக்கு எதிரிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்." மாடத்தி வாயில் நிறுத்தி வைத்திருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்குகிறாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.