கட்டத்துக்குள் ஒரு பெயர்

கவுலூனில் ஒரு படக்கம்பெனியின் சின்னத் திரையிடும் அறை. மதியம் மூன்று மணி. கறுப்புத் துணியின் கிழிசல் வழியே ஒரு கோடு வெயில் தரையில் விழுகிறது. முன்வரிசையில் சுக்யீ உட்கார்ந்திருக்கிறாள், கண்ணுகளா, தலையில் துக்கத்துக்கு வைக்கிற வெள்ளை நூல் பூ. அவள் புருஷன் யிப், சினிமாவில் சண்டை போடுகிறவன், மாடியிலிருந்து குதிக்கும் காட்சியில் செத்து இருபது நாள் ஆகிறது. சிரிப்புப் படம் அது. படத் தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது செத்தவர் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டுக் காட்டுவது இங்கே வழக்கம். அதைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

“கட்டம் போட்டாச்சு, அண்ணி,” என்கிறார் இயக்குநர் மாக். “ஆனா எடுத்த எடுப்புல தியேட்டரே உம்முனு ஆயிட்டா, அப்புறம் எவன் சிரிப்பான்? அதான் கொஞ்சம் கலர் குடுத்திருக்கேன்.”

“அவரு பேரு அசையாம நிக்கணும். வேறென்ன கேட்டேன்?”

“மொதல்ல பாருங்க.”

விளக்கு அணைகிறது. எக்காளம் கோழிபோலக் கொக்கரிக்கிறது. மஞ்சள் பெயர்கள் தவளைகளாகத் துள்ளி வந்து போகின்றன. யிப்பின் பெயர் கட்டத்தோடு வருகிறது. கட்டம் சிவப்பு. பெயரைச் சுமந்துகொண்டு நொண்டியடித்துத் திரையின் உச்சிக்கு ஏறி, தடுக்கி, தொப்பென்று கீழே விழுகிறது. முரசு ஒரு தட்டுத் தட்டுகிறது. பின்னால் படம் ஓட்டுகிறவன், விஷயம் தெரியாதவன், வாய்விட்டுச் சிரிக்கிறான். மாக் பதறி அவளைப் பார்க்கிறார். சுக்யீ நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிறாள்; தோள்கள் குலுங்குகின்றன. அழுகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டுகிறார். அவள் அதை வாங்கி வாயில் அடைத்துக்கொள்கிறாள். அப்போதும் அவள் சிரிப்பு அடங்கவில்லை.